படம் தாவும் இடம்

கலெக்டர் லீவு விட்டதாகச் செய்தி ஓடி
ஐந்து நிமிடம் ஆகாது,
என் போன் அலறும்.
"அண்ணே, கிணறு எப்போ?"
பேர் சொல்ல மாட்டார்கள். ஹலோ கிடையாது.
கடலூர் முதுநகரில் இருபத்தாறு வருடமாகக்
கேபிள் ஓட்டுகிறேன்.
மழை விடுமுறை என்றால் என் சேனலில்
கிணற்றுப் படம்தான் என்று
யார் சட்டம் போட்டது, எனக்கே தெரியாது.

கதை என்ன பெரிய கதை.
அண்ணன் தம்பி சண்டையில்
கிணற்றுக்குக் குறுக்கே சுவர் வைக்கிறார்கள்.
ராத்திரியோடு ராத்திரியாகக்
கிணறு எழுந்து போய்விடுகிறது,
வாளியைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு,
கட்டைக் குரலில் பாடிக்கொண்டு.
இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பின்னாலேயே ஓடுகிறார்கள்.
வழியில் தவளை கணக்குக் கேட்கும்,
நிலா இறங்கிவந்து ஒரு வாய் தண்ணீர் கேட்கும்,
ஆறேழு பாட்டு.
முடிவு உங்களுக்கே தெரியும்.

கிணறு வரப்பேறி ஆடும்போது
அடியில் நாலு பேர் கால் தெரியும்.
மூன்று பேர் வெறுங்கால்.
நாலாவது ஆள்,
ராஜா காலத்துக் கதையில்,
ரப்பர் செருப்பு.
இதைப் பார்க்கத்தான் பாதி ஊர் உட்கார்ந்திருக்கும்.
"இதோ வருது, இதோ வருது" என்று
மைமூன்பீவி கையில் மாவோடு
அடுப்படியிலிருந்து ஓடிவந்ததை
ஒயர் மாற்றப் போனபோது பார்த்திருக்கிறேன்.
செருப்பைக் கண்டுபிடித்த எந்தக் குழந்தையும்
அதற்கப்புறம் கிணற்றை நம்பாமல் போனதாகத்
தகவல் இல்லை.
டிவிக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே
நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

என் பிரதியில் ஒரு காயம் உண்டு.
நாலாவது பாட்டில்,
"ஆழம் கேட்டா சொல்ல மாட்டேன்" முடிகிற இடத்தில்
மெஷின் ஒருநாள் டேப்பை மென்றுவிட்டது.
வெட்டி ஒட்டினேன்.
இடது பக்கம் நிற்கிற சிறுமி
சட்டென்று வலது பக்கம் நிற்பாள்.
நடுவில் ஒரு வரி இல்லை.
டேப் சிடியாகி, சிடி பென்டிரைவ் ஆன பிறகும்
தழும்பு கூடவே வந்தது.

புயல் அடித்த வருடம்
பத்தொன்பது நாள் கரண்ட் இல்லை.
கம்பமெல்லாம் கும்பிட்டபடி கிடந்தது.
என் கன்ட்ரோல் ரூம் கூரை உப்பனாற்றில்.
நானும் எல்லோரோடும் பள்ளிக்கூட முகாமில்,
சாம்பார் சாத வரிசையில்.
ஏழாம் நாள் சாயங்காலம்
ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் ஒரே சத்தம்.
எட்டிப் பார்த்தேன்.
காற்று தூக்கியெறிந்த சின்டெக்ஸ் தொட்டி, அடி உடைந்தது.
உள்ளே நாலு பையன்கள்.
கிணறு ஆடியது.
மூன்று பேர் வெறுங்கால்.
நாலாவது பையனுக்குச்
சொந்தச் செருப்பு வெள்ளத்தோடு போயிருக்க,
வாட்ச்மேன் தணிகாசலத்தின்
படகு சைஸ் செருப்பு இரவல்.

நாலாவது பாட்டு வந்தது.
சோணாங்குப்பத்துக் கவிநிலா இடது பக்கம் நின்றாள்.
"ஆழம் கேட்டா சொல்ல மாட்டேன்" என்றாள்.
மூச்சைப் பிடித்து, ஒரே எட்டில்
வலது பக்கம் குதித்து நின்று
இல்லாத வரியைத் தாண்டி
அடுத்ததற்குப் போனாள்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அந்த நொடிக்கு முன்பே
அத்தனை தலையும் வலப்பக்கம் திரும்பியிருந்தது.
நான் வெளியே வந்தேன்.
பீடி பற்ற நாலு குச்சி ஆனது,
காற்றே இல்லை.

போன மாதம் மருமகன் நெட்டிலிருந்து
முழுப் படத்தையும் இறக்கிக் கொடுத்தான், கண்ணாடி மாதிரி.
அந்த ஒன்பது வினாடியைப் பார்த்தேன்.
சிறுமி நடந்துதான் போகிறாள்,
பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மெதுவாக.
வரியும் நல்ல வரிதான்.
கேட்டால் சொல்ல மாட்டேன்.

இன்று காலை ஐந்தே முக்கால்.
ரெட் அலர்ட்.
வாசலில் தண்ணீர் முதல் படியைத் தொட்டிருக்கிறது.
போன்.
"அண்ணே..."
"போய்ப் பல்லு விளக்கிட்டு வா" என்கிறேன்,
பழைய பென்டிரைவை
எங்கே வைத்தேன் என்று துழாவிக்கொண்டு.